நெய்ச்சாளை என்னும் மத்தி: உயிரியலும் வாழிடமும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேள்வி: மத்தி, சாளை, நெய்ச்சாளை எல்லாம் ஒரே மீன்தானா?

சந்தையில் சாளை என்று விற்கப்படுவது ஒரே இனமாக இருக்க வேண்டியதில்லை. இந்தியக் கரைகளில் சார்டினெல்லா பேரினத்தைச் சேர்ந்த பல மீன்கள் கிடைக்கின்றன. சூடை, கவலை, சாளை என்று ஊருக்கு ஊர் வழங்கும் பெயர்கள் இவற்றுக்குள் மாறி மாறிப் பொருந்துகின்றன. இந்தப் பக்கத்தில் பேசப்படுவது கேரளத்தில் மத்தி என்றும் குமரிக்கரையில் சாளை என்றும் அழைக்கப்படும், எண்ணெய் மிகுந்திருப்பதால் நெய்ச்சாளை எனப்படும் மீனாகும். அதன் அறிவியல் பெயர் சார்டினெல்லா லாங்கிசெப்ஸ். ஹெர்ரிங் குடும்பமான குளூப்பிடேயைச் சேர்ந்த இம்மீனை 1847இல் பிரெஞ்சு விலங்கியலாளர் வலான்சியென் புதுச்சேரியில் சேகரிக்கப்பட்ட மீன்களைக் கொண்டு விவரித்தார். மலபார்க் கரையின் அடையாளமாகவே மாறிவிட்ட ஒரு மீனின் அறிவியல் விவரிப்பு சோழமண்டலக் கரையில் கிடைத்த மீன்களிலிருந்து எழுதப்பட்டது என்பது பலருக்கும் வியப்பளிக்கும்.

கேள்வி: மற்ற சாளைகளிலிருந்து இதை எப்படிப் பிரித்தறிவது?

முதலில் தலையைப் பார்க்க வேண்டும். வாலின் அடி வரையிலான உடல் நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, துல்லியமாகச் சொன்னால் 29 முதல் 35 விழுக்காடு வரை, தலையே இருக்கும். மற்ற சாளைகளின் தலை இவ்வளவு நீளமானதன்று. அவற்றின் உடல் பக்கவாட்டில் தட்டையாக இருக்க, மத்தியின் உடல் ஓரளவு உருண்டு திரண்டிருக்கும். செவுள் மூடியின் பின்விளிம்பில் ஒரு கரும்புள்ளியும் அதற்குப் பின்னால் மங்கலான பொன்னிறப் புள்ளியும் தெரியும். பொன்னிறம் மீன் இறந்த சிறிது நேரத்தில் வெளிறிவிடுவதால், பனிக்கட்டியில் கிடந்த மீனில் அதைத் தேடிப் பயனில்லை.

ஐயம் தீரவில்லையென்றால் செவுளைத் திறந்து பார்க்கலாம். செவுள் வளைவின் உட்புறத்தில் சீப்புப் பற்களைப் போல நெருக்கமாக நிற்கும் மெல்லிய முட்கள், வளைவின் கீழ்ப்பகுதியில் மட்டும் மத்திக்கு 150 முதல் 250 வரை உண்டு. சூடை என்று பரவலாக அறியப்படும் சார்டினெல்லா கிப்போசாவுக்கு அவை 45 முதல் 59 வரைதான். இந்த வேறுபாடு அடையாளம் காண்பதற்கு மட்டும் உதவுவதன்று. இரு மீன்களும் எதைத் தின்று வாழ்கின்றன என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது.

கேள்வி: ஹெர்ரிங் குடும்பம் என்கிறீர்கள். ஐரோப்பியர் உண்ணும் ஹெர்ரிங்குக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

உடலமைப்பில் ஒற்றுமை மிகுதி. இரண்டும் வெள்ளி நிறம் கொண்டவை, எளிதில் உதிரும் செதில்களை உடையவை, பெருங்கூட்டமாக நீந்தி மிதவை உயிரிகளைத் தின்பவை. வாழ்க்கை முறையிலோ பெரும் வேறுபாடு உண்டு. வட அட்லாண்டிக் ஹெர்ரிங் குளிர்ந்த நீரில் பல ஆண்டுகள் வாழும். பதினைந்து ஆண்டுகளைக் கடந்த மீன்களும் பதிவாகியுள்ளன. அது முதிர்ச்சியடையவே பொதுவாக மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். ஒட்டும் தன்மையுள்ள முட்டைகளைக் கடலடிச் சரளையிலும் கடற்பாசியிலும் இடும். மத்தி வெப்பமண்டல நீரில் ஓராண்டுக்குள் முதிர்ந்து, மிதக்கும் முட்டைகளை நீரிலேயே விட்டு, பெரும்பாலும் இரண்டு அல்லது இரண்டரை ஆண்டுகளில் மடிந்துவிடும். அட்லாண்டிக் ஹெர்ரிங் கூட்டத்தில் பல வயதுக் குழுக்கள் சேர்ந்திருப்பதால் ஓர் ஆண்டின் இனப்பெருக்கம் தவறினாலும் முந்தைய ஆண்டுகளின் மீன்கள் அக்குறையைத் தாங்கிக்கொள்ளும். மத்தியிடம் அந்தச் சேமிப்பு இல்லை. ஓர் ஆண்டின் குஞ்சுகள் பிழைக்கவில்லையென்றால் அடுத்த ஆண்டே வலை வெறுமையாக வரும். இம்மீனைப் பற்றிக் கேட்கப்படும் பெரும்பாலான கேள்விகளுக்கு விடை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

கேள்வி: இது எங்கெல்லாம் வாழ்கிறது?

ஏடன் வளைகுடாவிலிருந்து ஓமான், பாகிஸ்தான் கரைகள் வழியாக இந்தியாவின் மேற்குக் கரை, இலங்கை, இந்தியாவின் கிழக்குக் கரை வரை பரவியுள்ளது. இந்தப் பரப்பு முழுவதிலும் ஒரே அடர்த்தியில் இருப்பதில்லை. ஓமான் கரையிலும், கேரளம் முதல் கர்நாடகம் வரையிலான கரையிலும் இது மிகுதியாகக் காணப்படுகிறது. இவ்விரண்டும் கோடைப் பருவக்காற்றின்போது ஆழத்து நீர் மேலெழும் கடல்கள் என்பது தற்செயலன்று. இலங்கையிலும் மத்தி உண்டு. ஆனால் அங்கு சந்தையை நிறைப்பவை பெரும்பாலும் பிற சாளை இனங்களும் கீரிமீனும்தான்.

மத்தி கரையை ஒட்டி வாழும் மீன். மீன்பிடிப் பருவத்தில் இதைக் கரையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே, பெரும்பாலும் 30 மீட்டருக்கு உட்பட்ட ஆழமுள்ள நீரில், மேற்பரப்பை அடுத்துக் காணலாம். மற்ற மாதங்களில் கண்டத்திட்டின், அதாவது கரையை அடுத்துக் கடலுக்குள் நீளும் ஆழம் குறைந்த தளத்தின், ஆழமான பகுதிகளுக்கு விலகிச் செல்கிறது. ஏறத்தாழ 26 முதல் 29 செல்சியஸ் வரையிலான வெப்பநிலை இதற்கு உகந்தது. பருவமழையால் ஆற்று நீர் கலந்து உவர்ப்புச் சற்றுக் குறைந்த கரைநீரையும் இது, குறிப்பாக இதன் இளமீன்கள், நன்கு தாங்கும்.

வரைபடத்தில் ஒரு பகுதியை வண்ணமிட்டு இதுவே மத்தியின் வாழிடம் என்று காட்டுவது எளிது. உண்மையில் அதன் வாழிடம் ஆண்டுதோறும் பருவக்காற்றோடு உருவாகி, விரிந்து, சுருங்கும் ஒரு நீர்ப்பட்டை என்று கொள்வதே சரியாகும்.

கேள்வி: அந்த நீர்ப்பட்டை எப்படி உருவாகிறது? மலபார்க் கரையில் மட்டும் ஏன் இவ்வளவு மத்தி?

மே மாத இறுதியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குக் கரையில் வீசும் காற்றில், கரைக்கு ஏறத்தாழ இணையாகத் தெற்கு நோக்கித் தள்ளும் கூறு வலுப்பெறுகிறது. புவியின் சுழற்சியால் வட அரைக்கோளத்தில் காற்றால் தள்ளப்படும் மேற்பரப்பு நீர் வலப்பக்கமாக விலகும். இங்கே வலப்பக்கம் என்பது மேற்கு, அதாவது நடுக்கடல். இவ்வாறு விலகிய நீரின் இடத்தை நிரப்ப, ஆழத்திலிருந்து குளிர்ந்த, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் நிறைந்த நீர் கரையோரமாக மேலெழுகிறது. இந்த மேலெழுச்சி முதலில் குமரிமுனைப் பக்கம் தோன்றி, பின்னர் படிப்படியாக வடக்கே நகர்கிறது. மழையால் பெருகிய ஆறுகளும் உழவு நிலங்களின் ஊட்டச்சத்தைக் கடலில் கொண்டுவந்து சேர்க்கின்றன. இவ்விரண்டின் பயனாக ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் டயாட்டம் எனப்படும் ஒற்றைச்செல் பாசிகள் கரையோர நீரில் பெருகி, நீரின் நிறமே மாறிவிடும். மத்திக் குஞ்சுகள் பிறந்து வளரும் காலமும் இதுவே.

மேலெழும் நீருக்கு மற்றொரு முகமும் உண்டு. அது ஆக்சிஜன் குறைந்த நீர். பருவத்தின் பிற்பகுதியில், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, அந்நீர் கண்டத்திட்டின் மீது பரவி அடிப்பகுதியில் மீன்கள் வாழ முடியாத நிலையை உண்டாக்குகிறது. அப்போது மேலே எஞ்சியிருக்கும் ஆக்சிஜன் நிறைந்த மெல்லிய அடுக்கில், கரையை ஒட்டி, மத்திக் கூட்டங்கள் நெருங்கி நிற்க நேர்கிறது. பருவமழை ஓய்ந்து கடல் அமைதியடைந்ததும் படகுகள் கரைக்கு அருகிலேயே பெருங்கூட்டங்களைக் காண்பதற்கு உணவு ஒரு காரணம் என்றால், இந்த நெருக்கடி மற்றொரு காரணம். ஆலப்புழைப் பக்கம் சாகரா என்று கொண்டாடப்படும் சேற்றுக்கரைகள் கொந்தளிக்கும் மழைக்காலத்திலும் அலையற்ற நீரைத் தருவதால் அங்கும் இறாலோடு மத்தி சிக்குவது உண்டு. ஆயினும் மத்தியின் பெருக்கத்துக்கு அடிப்படை சாகராவன்று, மேலெழுச்சியே.

கேள்வி: மத்தி என்ன தின்கிறது?

வளர்ந்த மத்தியின் முதன்மை உணவு டயாட்டங்கள். வாயைத் திறந்தபடி நீந்தும்போது உள்ளே புகும் நீர் செவுள் வழியாக வெளியேற, முன்னர்ச் சொன்ன நெருக்கமான செவுள் முட்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள பாசிகளையும் வடிகட்டி நிறுத்திவிடும். தசை மிகுந்த இரைப்பையும் நீண்டு சுருண்ட குடலும் தாவர உணவைச் செரிப்பதற்கு ஏற்றவை. கோப்பிப்பாடு என்னும் நுண்ணிய ஓட்டுமீன்களையும் இது உண்ணும். இளங்குஞ்சுகளுக்குச் செவுள் முட்கள் முழுமையாக வளர்ந்திராததால், தொடக்கத்தில் அவை விலங்கு மிதவை உயிரிகளையே மிகுதியாக நாடுகின்றன.

பிராஜிலேரியா ஓஷியானிகா என்னும் டயாட்டம் மத்தியோடு நெருங்கிய தொடர்புடையது. அது கடலில் மிகுந்த காலங்களில் மத்தியும் மிகுவதைக் கண்டு, அதை மத்தி வரவின் அடையாளமாகக் கொள்ளலாம் என்று 1955இல் ஆய்வாளர்கள் நாயரும் சுப்பிரமணியனும் எழுதினர். ஒரு பாசியை நேரே தின்று இவ்வளவு புரதமாக மாற்றும் மீன் என்பதே மத்தியின் பெருக்கத்துக்குக் காரணம். உணவுச் சங்கிலியில் இடைப்பட்ட கண்ணிகள் குறையக் குறைய வீணாகும் ஆற்றலும் குறைகிறது.

கேள்வி: எப்போது, எங்கே சினை விடுகிறது?

ஜூன் முதல் செப்டம்பர் வரை, கரையிலிருந்து சற்று விலகிய நீரில், இரவு வேளையில் முட்டையிடுகிறது. ஒரு பெண் மீனின் சினையில் 40,000க்கும் மேற்பட்ட முட்டைகள் இருக்கும். பெரிய மீன்களில் இது 80,000 வரை செல்லும். முட்டைகள் நீரில் மிதந்து ஏறத்தாழ ஒரு நாளில் பொரிக்கின்றன. கரை நோக்கிய நீரோட்டத்தில் குஞ்சுகள் உணவு மிகுந்த ஆழம் குறைந்த பகுதிகளை வந்தடைகின்றன.

சினை முதிர்வதற்கும் மழைக்கும் உள்ள தொடர்பை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர் அந்தோணி ராஜா 1960களில் விரிவாக ஆராய்ந்தார். முட்டையிடும் மாதங்களில் மழை குறைந்த ஆண்டுகளில் சினைப்பையில் வளர்ந்துவந்த முட்டைகள் வெளிவராமலே சிதைந்து, உடலால் மீண்டும் உறிஞ்சப்படுவதை அவர் எடுத்துக்காட்டினார். மத்தி ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது. மழையின் குறைவு குஞ்சுகளின் உணவைக் குறைப்பதற்கு முன்பே தாயின் வயிற்றுக்குள் தன் கணக்கைத் தொடங்கிவிடுகிறது.

கேள்வி: எவ்வளவு பெரிதாக, எவ்வளவு விரைவாக வளரும்?

அதிகபட்ச நீளம் 23 செ.மீ. அளவு. சந்தையில் காணப்படுவது பெரும்பாலும் 13 முதல் 18 செ.மீ. வரை. பிறந்த சில மாதங்களிலேயே 10 செ.மீ. எட்டி, ஓராண்டில் ஏறத்தாழ 15 செ.மீ. ஆகி முதிர்ச்சி அடைகிறது. அதன் பிறகு வளர்ச்சி மெதுவாகும்.

கேள்வி: ஏன் எப்போதும் கூட்டமாகவே இருக்கிறது? அதன் எதிரிகள் யாவை?

வஞ்சிரம், சூரை, வாளை, சுறா, ஓங்கில் (டால்பின்), கடற்பறவைகள் என்று மத்தியைத் தின்னாத பெரிய உயிரினத்தைக் கரையோரக் கடலில் காண்பது அரிது. ஆயுதம் எதுவும் இல்லாத சிறு மீனுக்குக் கூட்டமே காப்பு. ஆயிரக்கணக்கான வெள்ளி உடல்கள் ஒரே நொடியில் திரும்பும்போது எந்த ஒன்றைக் குறிவைப்பது என்று வேட்டையாடும் மீன் தடுமாறுகிறது. வயிற்றின் நடுக்கோட்டில் கூரிய விளிம்புள்ள செதில்கள் ஓடுகின்றன. ஹெர்ரிங் குடும்ப மீன்களின் காற்றுப்பை உட்செவியோடு இணைந்திருப்பதால் அவற்றின் செவிப்புலனும் கூர்மையானது.

வலைக்கு எதிராக இதே கூட்டப்பண்பு தீமையாகிவிடுகிறது. மீனின் எண்ணிக்கை குறைந்த காலத்திலும் எஞ்சியவை கூடியே நிற்பதால், ஒரு கூட்டத்தைக் கண்டுபிடித்துச் சுருக்குமடி வலையால் வளைத்துவிட்டால் பாடு, அதாவது பிடிபடும் மீனின் அளவு, நன்றாகவே இருக்கும். கடலில் மீன் குறைந்துவிட்டது என்ற செய்தி கரைக்குத் தாமதமாக வந்து சேர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: ஓர் ஆண்டு மத்தி குவிகிறது, மற்றோர் ஆண்டு காணவே இல்லை. மீன்பிடிப்பு காரணமா, கடல் காரணமா?

இந்த ஏற்றத்தாழ்வு புதிதன்று. இந்திய மீன்களை ஆராய்ந்த பிரான்சிஸ் டே 19ஆம் நூற்றாண்டிலேயே இதைக் குறிப்பிட்டுள்ளார். அப்போது கரையில் இருந்தவை சிறிய வள்ளங்களும் நூல் வலைகளும்தான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலபாரிலும் தென் கன்னடத்திலும் மத்தி எண்ணெய் ஆலைகள் பெருகின. எண்ணெய் எடுத்த பின் எஞ்சிய சக்கை உரமாகத் தோட்டங்களுக்குச் சென்றது. சென்னை மாகாண மீன்வளத்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெலும் ராமசாமி நாயுடுவும் 1924இல் வெளியிட்ட ஆய்வு இம்மீனின் வாழ்க்கை வரலாற்றை முறைப்படி எழுதிய முதல் முயற்சிகளில் ஒன்று. 1940களில் மத்தி ஏறக்குறைய மறைந்தபோது, சிறு மத்தியைப் பிடிப்பதற்கு மாகாண அரசு 1943இல் கட்டுப்பாடு விதித்து, சில ஆண்டுகளில் அதை விலக்கிக்கொண்டது.

அண்மைக் கால எண்கள் இன்னும் கூர்மையானவை. 2012இல் கேரளத்தில் மட்டும் ஏறத்தாழ 4 லட்சம் டன் மத்தி கரை சேர்ந்தது. 2021இல் அது 3,300 டன் அளவுக்கு விழுந்தது. பசிபிக் பெருங்கடல் வழக்கத்தைவிட வெப்பமடையும் எல் நினோ நிகழ்ந்த 2015–16 காலத்தில் இங்கும் கடல் வெப்பம் உயர்ந்ததும், அதற்கு முந்தைய ஆண்டுகளில் முதிராத மீன்கள் பெருமளவில் பிடிக்கப்பட்டதும் ஒன்றுசேர்ந்து இந்த வீழ்ச்சியை உண்டாக்கின என்பது ஆய்வாளர்களின் விளக்கம். பின்னர் மத்தி திரும்பியது. 2024இல் பருவமழை சாதகமாக அமைந்ததால் குஞ்சுகள் பெருவாரியாகப் பிழைத்தன. அவ்வளவு மீன்களும் ஒரே உணவுக்குப் போட்டியிட்டதால் வளர்ச்சி தேங்கி, சிறிய மத்தியே வலைகளில் வந்து குவிந்தது. விலையும் கிலோவுக்கு 20, 30 ரூபாய் வரை சரிந்தது.

ஆகவே இரண்டில் எது காரணம் என்று கேட்பது மத்தியின் ஆயுளை மறந்த கேள்வி என்பது என் கருத்து. எத்தனை குஞ்சுகள் பிழைக்கும் என்பதைப் பருவக்காற்று முடிவு செய்கிறது. பிழைத்தவற்றில் எத்தனை ஒரு முறையேனும் முட்டையிடும் என்பதை வலை முடிவு செய்கிறது. வாழ்நாளில் ஒன்றிரண்டு முட்டையிடும் பருவங்களையே காணும் மீனை முதற்பருவத்துக்கு முன்பே பிடித்துவிட்டால், மோசமான பருவமழை ஒன்று வந்தாலே போதும், கூட்டம் சரிந்துவிடும். நல்ல பருவமழை வந்தாலும் அதைப் பயன்படுத்திக்கொள்ளத் தாய்மீன்கள் எஞ்சியிருக்க வேண்டும்.

கேள்வி: குறைந்தபட்ச அளவு 10 செ.மீ. என்று கேரளம் வைத்திருப்பது போதுமா?

10 செ.மீ.க்குக் குறைவான மத்தியைப் பிடிக்கக் கூடாது என்ற விதி, குஞ்சுகளை மீன்தூள் ஆலைகளுக்கு அள்ளிச் செல்வதைத் தடுக்கப் பெரிதும் பயன்படுகிறது. ஆனால் 10 செ.மீ. மீன் இன்னும் முட்டையிடாத மீன். முதிர்ச்சி ஏறத்தாழ 15 செ.மீ. அளவில்தான் வருகிறது. வணிகத்தையும் உயிரியலையும் சமன்செய்து வகுத்த எல்லையாகவே அதைக் கருத வேண்டும்.

கேள்வி: தமிழ்நாட்டுக் கரையில் மத்தி எப்போது பெருகியது?

1980களின் நடுப்பகுதி வரை இந்தியாவின் மத்திப் பாடு ஏறக்குறைய முழுவதும் வட அகலாங்கு 8 பாகைக்கும் 14 பாகைக்கும் இடைப்பட்ட மேற்குக் கரையிலிருந்தே கிடைத்தது. அதன் பிறகு மத்தி வடக்கே மகாராஷ்டிரம், குஜராத் நோக்கியும், குமரிமுனையைச் சுற்றிக் கிழக்குக் கரை நோக்கியும் பரவியது. முன்பு குளிர்ச்சியாக இருந்த நீர்ப்பகுதிகள் கடல் வெப்ப உயர்வால் இதற்கு ஏற்றவையாக மாறியதோடு இதை ஆய்வாளர்கள் தொடர்புபடுத்துகின்றனர். இன்று மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணைப் பகுதியிலும் நாகப்பட்டினம், கடலூர்க் கரைகளிலும் மத்தி முதன்மையான பாடுகளில் ஒன்று.

தமிழ்நாட்டில் சுருக்குமடி வலை குறித்து நீளும் பூசலில் மத்திக்கும் பங்குண்டு. கூட்டமாக மேற்பரப்பில் நிற்கும் மீனுக்கு அவ்வலையே மிகப் பொருத்தமானது. மாநில அரசு 2000ஆம் ஆண்டில் அதற்குத் தடை விதித்தது. உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் பிறப்பித்த இடைக்கால ஆணையில், 12 கடல் மைலுக்கு அப்பால் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் நிபந்தனைகளோடு அனுமதித்தது. கரையை ஒட்டி வாழும் மத்தி 12 கடல் மைலுக்கு அப்பால் பெரிய அளவில் கிடைப்பதில்லை என்பதால், மத்திக்காகச் சுருக்குமடி வைத்திருப்பவர்களுக்கு அந்த அனுமதியால் விளையும் பயன் சிறிதே.

கேள்வி: எந்த மாதத்து மத்தியில் நெய் மிகுதி?

பருவமழைக்குப் பின், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. டயாட்டங்களைத் தின்று கொழுத்த மீனில் கொழுப்பு 15 விழுக்காட்டையும் தாண்டும். முட்டையிடும் காலத்தில் அந்தக் கொழுப்பு சினைக்குச் செலவாகிவிடுவதால், ஜூலை, ஆகஸ்ட் மாதத்து மீன் உலர்ந்ததுபோல் இருக்கும். ஒமேகா 3 கொழுப்பு அமிலங்களுக்காக மத்தி உண்பவர்களும் இதைக் கவனிக்கலாம். மரப்படகுகளுக்குப் பூசுவதற்கு ஒரு காலத்தில் கரையெங்கும் காய்ச்சப்பட்டதும் இந்த நெய்தான்.

கேள்வி: இதைப் பண்ணையில் வளர்க்க முடியாதா?

வணிக அளவில் யாரும் வளர்ப்பதில்லை. கையால் தொட்டாலே செதில் உதிர்ந்து இறக்கும் மீன் இது. குறைந்த விலைக்குக் கடலில் கிடைப்பதை அடைத்துவைத்துத் தீனி போட்டு வளர்ப்பது கட்டுப்படியாகாது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2023இல் இம்மீனின் முழு மரபணுத் தொகுப்பையும் வாசித்து வெளியிட்டது வளர்ப்பை நோக்கியதன்று. வெப்பம், உவர்ப்பு, ஆக்சிஜன் ஆகியவற்றின் மாற்றத்தை இம்மீன் எவ்வாறு தாங்குகிறது என்பதையும், ஓமான் கரை மீனும் இந்தியக் கரை மீனும் எவ்வளவு வேறுபட்டவை என்பதையும் இனி மரபணு அளவிலேயே ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.